பித்தளை பம்ப்புக்கு வைத்த சந்தனம்

கார்ப் பந்தய நாள் என்றால் பயமில்லை. ஆம்புலன்ஸ் நிற்கும், தீயணைப்பு வண்டி நிற்கும், டாக்டர் ஒருவர் குடை நிழலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருப்பார். சோதனை ஓட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. யுத்த காலத்தில் போட்டுக் கைவிட்ட விமான ஓடுதளம், நாங்கள் இரண்டு பேர், ஒரு கார். தீப்பிடித்தால் அணைக்க முழ நீளத்தில் ஒரு பித்தளை பம்ப். கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் மூக்கு வழியாக மருந்து பீய்ச்சும். அவ்வளவுதான் பாதுகாப்பு.

எழுபதுகளின் தொடக்கம் அது. புதுவாயல் பக்கம் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. காரை ஓட்டியவர் எங்கள் தலைமை மெக்கானிக், எனக்கு அண்ணன் மாதிரி. நான் திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை என்பதால் பட்டறையில் எல்லோருக்கும் ‘சாமி’. ஸ்பேனர் பிடிக்கத் தெரிகிறதோ இல்லையோ, ஆயுத பூஜைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

அந்த வருஷமும் நான்தான். ஜம்பம் வேறு. பம்ப்பைப் புளி போட்டுத் துலக்கி, மூக்கு நுனியில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பிக் குங்குமம் வைத்தேன்.

"இன்னா சாமி, அதுக்கு மட்டும் இம்மாம் சந்தனம்?" என்றார் அண்ணன்.

"உங்க உசுரக் காப்பாத்தறது அதுதானே" என்றேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளாயிற்றே என்று காரை ஓட்டிப் பார்க்கப் போனோம். ஓடுதளத்தில் நெல் காயப்போட்டிருந்த குடியானவர் ஒருவர் முனகிக்கொண்டே நெல்லை ஓரமாக ஒதுக்கிக் கொடுத்தார். மூன்றாவது சுற்றில் பெட்ரோல் குழாய் விட்டுக்கொண்டது. கார் என் எதிரே வந்து நிற்கும்போதே பின்பக்கம் எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் பெல்ட் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பம்ப்போடு ஓடினேன். இழுத்தேன், தள்ளினேன். ஒரு சொட்டு வரவில்லை. சந்தனம் காய்ந்து மூக்கை அடைத்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பெயரவில்லை. பெருமாளே என்று கத்தினேனா, மனசுக்குள் சொன்னேனா, இன்றைக்கும் தெரியாது.

குடியானவர்தான் காலி நெல் சாக்குகளைப் பக்கத்து வாய்க்காலில் முக்கிக்கொண்டு ஓடி வந்தார். "இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற? இஸ்து வெளிய போடு!" என்று என்னைப் பார்த்துக் கத்தியபடி தீயின் மேல் சாக்கை வீசினார். கொக்கி கழன்றது. இருவருமாக இழுத்துப் போட்டோம். உயிர் தப்பியது. அண்ணனுக்கு வலது கை வெந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கேட்டார்: "பம்புக்கு இன்னா ஆச்சி?"

"வாஷர் போயிடுச்சுண்ணே." அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டேதான் பொய் சொன்னேன். அவர் என் நக இடுக்கில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தார்.

புண் ஆறியது. விரல்கள் மடங்கவில்லை. அதற்கப்புறம் அவர் பந்தயக் காரில் ஏறவே இல்லை.

அடுத்த ஆயுத பூஜை. சந்தனக் கிண்ணத்தோடு கருவிகளுக்கு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். பம்ப்பின் முறை வருவதற்குள் அண்ணன் குனிந்து, மடங்காத அந்தக் கையால் அதை மார்போடு அணைத்து எடுத்துப் போய் வாசல் ஆணியில் மாட்டினார்.

"இதுக்கு வாணாம் சாமி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.