பெந்தெகொஸ்தே என்றால் ஐம்பதாவது

வானவடியில் எங்கள் வீட்டில் மருமகள் புளி ஆய்கிறாள். கொட்டைகள் எவர்சில்வர் தட்டில் விழும் சத்தத்தை எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. இருபத்தாறு வந்தபோது, அறுபது வருடத்துக்கு முந்தைய கட்கி கண்டோன்மென்ட்டில் இருந்தேன்.

அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் அம்மா தோட்டா எண்ணினாள். படிப்பு மூன்றாம் வகுப்புவரைதான். ஈஸ்டரிலிருந்து தினமும் ஒரு புளியங்கொட்டையைச் சீசாவில் போடுவாள். அந்த வருடம் ஓய்வுநாள் பாடசாலையில் ஆசிரியையாக ஆசைப்பட்டுப் பெயர் கொடுத்தாள். தொழிற்சாலைக் குமாஸ்தாவின் மனைவியும் கொடுத்திருந்தாள்.

“தோட்டா எண்ணுறவளுக்கு வேதப்பாடம் எதுக்கு?” என்று சபை முன்னாலேயே அவள் சிரித்தாள்.

போதகர் இருவரிடமும் கேட்டார்: “பெந்தெகொஸ்தேன்னா என்ன அர்த்தம்?”

“பரிசுத்த ஆவி, ஐயா,” என்றாள் குமாஸ்தாவின் மனைவி.

“ஆவி இறங்கினது அந்த நாள்லதான். ஆனா அர்த்தம் ஐம்பதாவது, ஐயா. கிரேக்கச் சொல்லு,” என்றாள் அம்மா. “யூதருங்க பஸ்காவுக்கு அப்புறம் ஏழு வாரம் எண்ணி, மறுநாள் அறுப்புப் பண்டிகை வச்சாங்க. நாம ஈஸ்டரையும் சேத்து எண்ணணும். வருஷாவருஷம் எண்ணிப் பாக்கேன், தப்பினதே இல்ல.”

போதகர் வருகைப் பதிவேட்டை அம்மாவிடம் நீட்டினார்.

அடுத்த ஞாயிறு பதினேழு பிள்ளைகளின் பெயர்களை அவள் வாசித்தாள். “உள்ளேன், டீச்சர்!” என்று என்னைப்போல் சத்தமாக வேறு யாரும் சொல்லவில்லை.