ஆறு சொற்களும் ஒரு தாழ்ப்பாளும்

மஞ்சூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ஆபீஸ் கிளார்க். ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீரத்துக்கு யாரும் கூப்பிட்டதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு காட்டெருமை மட்டும் கூப்பிட்டுப் பார்த்தது.

அன்று இலை நிறுக்கிறவர் லீவு. மாலை நிறுவைக்கு என்னை மேட்டிலிருக்கும் ஷெட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லோரும் இலையைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட, கடைசியாக வந்த ஓர் அக்கா மட்டும் ஷெட் வாசலில் சாக்கை இறக்கிக்கொண்டிருந்தார். பனி கொஞ்சம் விலகியது. அதுவரை பாறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தலையைத் தூக்கியது.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நானும் சுருக்கமாகத்தான் செய்தேன். ஷெட்டுக்குள் ஓடினேன், கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் போட்டேன். உடனே யாரோ கதவைத் தட்டினார்கள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். காட்டெருமை கதவைத் தட்டாது என்பது எனக்கு இப்போது தெரியும். அது ‘கிளார்க்கய்யா’ என்று கூப்பிடவும் கூப்பிடாது.

கதவு திறக்காததால் அக்கா பக்கத்துச் சரிவில் குதித்தார். கணுக்கால் முறிந்தது. எருமையோ எங்கள் இருவரையும் ஒரு பொருட்டாக மதிக்காமல், பாதையைக் கடந்து சோலைக்குள் போய்விட்டது.

மறுநாள் டீக்கடையில் நான் சொன்ன கதையில் தாழ்ப்பாள் இல்லை. குடை இருந்தது. அதை விரித்து எருமையின் மூஞ்சிக்கு நேரே ஆட்டியே விரட்டினேன் என்றேன். நல்ல வரவேற்பு. பஜ்ஜிகூட ஒருவர் வாங்கிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் ஹெட் ஆபீஸிலிருந்து கேள்வி வந்தது. எருமை வந்தது உண்மையென்றால், இரண்டு எட்டில் இருந்த ஷெட்டுக்குள் அந்த அம்மாள் ஏன் போகவில்லை? வீட்டுக்குப் போகும் வழியில் தானாக வழுக்கி விழுந்திருந்தால் அது வேலையில் பட்ட அடி ஆகாது. கால் கூடும்வரை சம்பளத்தோடு லீவும் கிடைக்காது. பார்த்தவர் யாராவது எழுதித் தர வேண்டும். பார்த்தவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் அப்போது ஆபீஸ் அலமாரியில் ஆங்கில அகராதியைத் தேடிக்கொண்டிருந்தான்.

பகிரங்கமாக ஒன்றைச் சொல்வதற்கு வெள்ளைக்காரன் இத்தனை சொற்களை வைத்திருக்கிறான் என்றால், அவனும் எங்கேயோ தாழ்ப்பாள் போட்டிருக்கிறான் என்றுதான் அர்த்தம். முதலில் ‘க்ளெய்ம்’ பிடித்திருந்தது. காட்டெருமை துரத்தியதாக அவர் க்ளெய்ம் செய்கிறார். அந்த வாக்கியத்தில் எங்கு தேடினாலும் நான் இல்லை. சந்தோஷமாகத் துரையிடம் கொண்டுபோனேன். மானேஜரை நாங்கள் இன்னமும் துரை என்றுதான் சொல்கிறோம். ஆள் என்னவோ திருப்பூர்க்காரர், என்னைவிட இளையவர்.

“ஏனுங்க, இப்படி எழுதினா, அந்தம்மா ஏதோ சொல்றாங்க, நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்னு ஆயிருமுங்களே. மாத்துங்க.”

கோர்ட்டில் குற்றம் சாட்டப் புழங்கும் ‘அலெஜ்’ என்று மாற்றினேன்.

“யார் மேலங்க கேஸ்? எருமை மேலயா?”

‘ப்ரொஃபஸ்’ பார்த்தேன், பாசாங்காகவும் இருக்கலாம் என்று அகராதியே கோள் சொன்னது. ‘அஸர்ட்’ மேஜையைக் குத்திப் பேசுகிற சொல். ‘அவோ’ நாலு பேர் நடுவில் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டியது. என் நெஞ்சு அதற்குத் தோதுப்படவில்லை. ‘டிக்ளேர்’ என்பது நான் என்று ஆரம்பித்து, கீழே கையெழுத்துப் போட்டு முடிக்க வேண்டியது. அந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிட்டேன்.

துரை சிரித்தார். “குடையால விரட்டுனீங்களாமே, அதையும் மறக்காம எழுதுங்க. ஆனா ஒண்ணுங்க. எருமைய நீங்க விரட்டிட்டா, அந்தம்மா எதுக்குக் குதிச்சாங்கன்னு கேப்பாங்க.”

என் வீரம் அந்த அக்காவின் லீவைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம், அவர் கையெழுத்து வேண்டும் என்ற சாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். முக்காலியில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்து பழக்கத்தில் கதவைச் சாத்தினேன்.

“தாழ்ப்பாள் வேண்டாமுங்க,” என்றார் உடனே.

நான் குளிருக்குச் சாத்தினேன் என்றேன்.

“ஆமாங்க. அன்னைக்கும் நல்ல குளிரு.”

“யார்கிட்டயும் சொல்லலீங்களா அக்கா?”

“சொல்லலீங்க. டீக்கடையில உங்களுக்கு ஏதோ பஜ்ஜி கிடைக்குதாமே, அதை எதுக்குக் கெடுக்கோணும்? பஜ்ஜி நீங்களே வெச்சுக்கங்க கிளார்க்கய்யா. எனக்கு லீவு போதும். கதவு உள்ள தாழ் போட்டிருந்துச்சுன்னு மட்டும் எழுதிக் குடுங்க. யாரு போட்டான்னு நான் கேக்கலீங்க.”

ஹெட் ஆபீஸ் கேட்குமே! அடுத்த கடிதத்தில் அதைத்தான் கேட்கும். திரும்பி வரும் வழியெல்லாம் ஒவ்வொரு பாறையும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

மறுநாள் காலை, திருப்பிவிட்ட பக்கத்துக்கே திரும்பினேன். நான் டிக்ளேர் செய்கிறேன்: காட்டெருமை வந்தது. முதலில் ஓடியவன் நான். கதவை உள்ளிருந்து தாழிட்டவனும் நான். அவர் தட்டினார், நான் திறக்கவில்லை. அதனால்தான் குதித்தார். நாலைந்து வரிகள். இதற்கு அகராதியே தேவைப்பட்டிருக்கவில்லை. துரை இரண்டு முறை படித்துவிட்டு, சிரிக்காமல் சீல் வைத்தார். அவர் சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

லீவு கிடைத்தது. கடிதம் என் மேஜையிலிருந்து டீக்கடைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? பஜ்ஜி நின்றது. அதற்குப் பதிலாக, நான் உள்ளே வந்ததும் யாராவது ஒருவர், “கடைக்காரரே, கதவை எடுத்து ஒளிச்சு வைங்க,” என்பது இன்றுவரை நடக்கிறது.

அக்கா வேலைக்குத் திரும்பிய வாரம் இலை நிறுக்கிறவர் மறுபடியும் லீவு. கடைசியாக நின்றது மறுபடியும் நாங்கள் இருவர். பனி இறங்க ஆரம்பித்ததும் அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஷெட்டுக்குள் போய், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“பயப்படாதீங்க கிளார்க்கய்யா. எருமை வந்தா உங்களையும் உள்ள கூப்பிட்டுக்கறேன்,” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். “குடை கொண்டாந்திருக்கீங்கல்ல?”