தவளை மட்டும் தின்னும் பாம்பு

களக்காட்டுக்குக் கிழக்கே பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். வாழை வைத்தேன், மாடி வீடு கட்டினேன், கடைசியில் மீன்குளமும் தோண்டினேன். "என்னவே, பாறையில மீன் வளக்கப் போறீராக்கும்?" என்று கேட்டவர்கள் பிறகு என்னிடமே மீன் வாங்கினார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு.

குளத்தில் ஒரு தண்ணிப்பாம்பு வந்து தங்கியது. மீன்குஞ்சு குறையவும் என் மகன் கம்போடு வந்தான்.

"இத அடிச்சாத்தாம்ப்பா மீன் மிஞ்சும்."

"பைய இருலே. அது என்ன திங்குதுன்னு முதல்ல பாப்போம்."

பார்த்தது நான் மட்டும்தான். காலையில் வெயில் ஏறும்வரை கரையில் உட்கார்ந்திருப்பேன். குஞ்சுகள் அதன் முகத்தை உரசிக்கொண்டு போகும், பாம்பு திரும்பிப் பார்க்காது. செத்த மீனைப் போட்டால் சுற்றிக்கொண்டு போகும். தவளை குதித்தால் மட்டும் பின்னங்காலைக் கவ்வும். மறுவீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பிகு இருக்காது. குஞ்சுகள் போன வழி மடையில் கிழிந்திருந்த வலை. அதையும் நான்தான் கண்டேன், நான்தான் தைத்தேன்.

போன வாரம் பக்கத்து ஊர் விவசாயிகள் குளத்தைப் பார்க்க வந்தார்கள். என் எதிரிலேயே மகன் சொன்னான்: "இது தவளையத்தான் திங்கும். நான் பாத்துக் கண்டுபிடிச்சது." எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் கேட்டேன். "யாரு சொன்னா என்னப்பா, விஷயம் ஒண்ணுதான?" என்கிறான்.

எனக்கு இரண்டும் ஒன்றல்ல. அந்தப் பாம்பு உயிரோடு கிடப்பது என்னால். அடுத்த தடவை ஆள் வரும்போது, "எங்க அப்பா பாத்துச் சொன்னது" என்று, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் வாயால் சொல்ல வேண்டும்.