அட்டெண்டன் சம்பளம்

எண்பதுகளின் நடுவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: தூங்க வைக்கிறவ. கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. வலிப்பு வருகிறவர்களின் தலையில் இருபத்தொரு கம்பிகளைப் பசை வைத்து ஒட்டி, பகலில் தூங்கச் செய்து, மூளையின் ஓட்டத்தை ஒரு மெஷினால் தாளில் பதிவு செய்ய வேண்டும். முதல் நாள் ராத்திரி தூங்காமல் வரச் சொல்வோம். காலை பத்து மணிக்கெல்லாம் ஆள் சாய்ந்துவிடும். "தாலாட்டுறதுக்குச் சம்பளமா லா?" என்று பஸ்ஸில் கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். எவ்வளவு சம்பளம் என்று சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள்.

ஏட்டில் நான் வெறும் அட்டெண்டன். பெட்பேன் கழுவத்தான் என்னைச் சேர்த்தார்கள். அந்த மெஷின் வந்தபோது டாக்டருக்குக் கூடமாட ஒரு ஆள் தேவைப்பட்டது, நான் அகப்பட்டேன். ஒரே வருஷத்தில் டாக்டர் பக்கத்தில் இல்லாமலே முழுப் பதிவும் எடுத்தேன். பதவியும் சம்பளமும் அப்படியே கிடந்தன. வேறு இடம் பார்க்கலாம் என்றால், அந்த மெஷின் இருந்த ஆஸ்பத்திரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே எங்கள் டாக்டரின் சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள். கடிதம் கொடுத்தால் நான் போய்விடுவேன் என்று அவருக்குத் தெரியும், அதனால் நாளைக்கு நாளைக்கு என்றார்.

அந்த வருஷம் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து முடிந்து வேலை நின்றது. கோல சிலாங்கூருக்கு வடக்கே எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்குத்தான் லயத்து வீடு. தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வாசலில் நின்றபடியே சொன்னார்: மாதக் கடைசிக்குள் வீட்டில் ஒருத்தர் பால்வெட்டுக்குப் பேர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலி பண்ண வேண்டும். அம்மாவுக்கு இளைப்பு. தங்கை பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம், ஐந்தாம் படிவம், பரீட்சைக்கு நாலு மாதம். எனக்கு டெக்னீஷியன் சம்பளம் போட்டால் கிள்ளானில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து நாலு பேரும் போய்விடலாம். வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் வருகிறார், அவர் முன்னால் நல்ல பதிவு ஒன்று எடுத்துக் காட்டு, மேலிடத்தில் பேசுகிறேன் என்றார்.

அன்றைக்கு ஜெராம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சிறுமி வந்தாள். தலை நிறையத் தேங்காயெண்ணெய், வழித்து வாரிய இரட்டைப் பின்னல். எண்ணெய்த் தலையில் கம்பி ஒட்டாது. எண்ணெய் வைக்காதீர்கள் என்று மலாயில் அச்சடித்துக் கொடுத்திருந்த தாளை அவள் அம்மா பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். படிக்கத் தெரியாது.

"பரட்டத் தலையோட எப்படிம்மா கூட்டியார்றது? டாக்டரு என்ன நெனப்பாரு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள். மூன்று தடவை ஷாம்பு போட்டு அலசினேன். குளிர்ந்த தண்ணீரில் பிள்ளையின் தூக்கம் ஓடிவிட்டது. நிபுணர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, தலையைத் துவட்டி, கம்பிகளை ஒட்டி, முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தேன். என் வீடே அந்தப் பிள்ளையின் இமையில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு வழியாகத் தூங்கினாள். மெஷினின் பேனாக்கள் தாளில் ஒரு பிசிறில்லாமல் ஓடின.

"இதை எடுத்தது யார்?" என்று நிபுணர் கேட்டார்.

"எங்கள் அட்டெண்டன்," என்றார் டாக்டர். "இந்தத் தோட்டத்து ஆட்களைச் சமாளிப்பதில் கெட்டிக்காரி."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். சாயங்காலம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

வேலையை விடுகிறேன் என்று அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதிப் பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை கொடுத்துவிட்டு நானே பால்வெட்டுக்குப் பேர் கொடுப்பதாக முடிவு. பஸ்ஸில் வழி நெடுக அழுதேன், அவமானத்தில்தான்.

வீட்டில் தங்கை புதுப் பால்வெட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பேரு குடுத்துட்டேங்க்கா," என்றாள்.

பளாரென்று அறைந்தேன். "பைத்தியமாடி ஒனக்கு? பரீட்ச எழுதாம?"

அவள் அழவில்லை. "நீயும் எழுதிப் பாஸ் பண்ணித்தானக்கா போன? ஒன் சம்பளத்தவிட எனக்கு இங்க கூடக் கெடைக்கும்."

அது உண்மை. கிராணி வீட்டுக்கு ஓடி அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னேன். அவருக்கு யாராக இருந்தாலும் சரிதான். தங்கைதான் ஒத்துக்கொள்ளவில்லை, புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

"நீ வேலைய மட்டும் விட்டுறாதக்கா," என்றாள். "ரெண்டு பேரும் இங்கயே கெடந்தா, நான் படிப்ப விட்டது எதுக்கு?"

அதற்குப் பிறகு கடிதத்தை எப்படிக் கொடுப்பது? திங்கட்கிழமை அவள் பால்வெட்டுக்குப் போனாள், நான் கிள்ளான் பஸ் ஏறினேன். அதே சம்பளத்துக்குப் பதினொரு வருஷம் ஏறினேன்.