மீன் சட்டியில் கடைந்த கீரை

நான் மீன் தின்ன ஆரம்பித்தது வீம்புக்கு. நிறுத்தியது என் இஷ்டத்துக்கு. இரண்டுக்கும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. வரட்டுமே.

திருவள்ளூரில், முட்டைகூட வாசலைத் தாண்டாத சைவ வீட்டில் பிறந்தவள் நான். எழுபதுகளின் தொடக்கத்தில் பழவேற்காடு ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனியில் வேலை. பொன்னேரி வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து ரயில். கல்யாணச் செய்தி எட்டிய அன்றே அப்பா என்னைத் தலைமுழுகிவிட்டார். அம்மாவைப் பார்க்கக்கூட விடவில்லை. அப்படியா சேதி என்று, புகுந்த வீட்டுக்குப் போன வாரத்திலேயே மாமியார் வைத்த மடவை மீன் குழம்பைத் தட்டு நிறைய ஊற்றிக்கொண்டேன். முள் தொண்டையில் குத்தியது, கண்ணில் தண்ணீர் முட்டியது, வெறும் சோற்றை உருட்டி விழுங்கினேன். இப்படியே நாலு வருஷம். ஒவ்வொரு கவளத்தையும் அப்பாவுக்குக் காட்டித் தின்பதாக நினைப்பு. அவர் எங்கே பார்த்தார்?

ஒரு மத்தியானம் தட்டிலிருந்த மீன் துண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்பா மேல் இருந்த ஆத்திரம் எப்போதோ ஆறிப்போயிருந்தது. ஆத்திரம் போனதும் மீனும் உள்ளே இறங்கவில்லை. எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "இனிமே எனக்கு மீன் வேணாம் அத்தை" என்று எழுந்துவிட்டேன்.

சொல்லியாயிற்று, வேறு என்னத்தைத் தின்பது? காய்கறிக்குப் பொன்னேரிக்குப் போக வேண்டும். சுற்றிலும் உப்பு மண். கொல்லையில் முருங்கை, வேலியோரம் மூக்கிரட்டை, ஏரிச் சேற்றில் உமரிக்கீரை, இவ்வளவுதான். சின்ன வயதில் கீரை என்றாலே எனக்கு ஆகாது. அம்மா ஊட்டுவதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்தில் துப்புவேன். இப்போது விதியே என்று உமரியைப் பறித்து வந்து, மற்றக் கீரைக்குப் போடுகிற மாதிரி உப்பைப் போட்டு வதக்கினேன். உப்பிலேயே வளர்கிற கீரை அது. வாயில் வைக்க முடியவில்லை. தெருவே கூடிச் சிரித்தது. விடுவேனா? மறுநாள் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பே காட்டாமல் பூண்டும் தேங்காயும் தட்டிப்போட்டேன். அடடா! நாலு வருஷத்தில் அன்றுதான் சோற்றை ரசித்துத் தின்றேன்.

வீட்டுக்காரரும் அதை டிபன் பாக்ஸில் கொண்டுபோனார். ரயிலில் கூட வருகிறவர்கள், "இன்னாபா, மாமனாரு ஊட்ல சேத்துக்கினாங்களா?" என்று கேலி செய்தார்களாம். அவர் பாட்டுக்குத் தின்றுவிட்டு வந்தார்.

சண்டை வெடித்தது முருங்கைக்கீரையில். அந்த ஊரில் காய்ந்த இறால் ஒரு கைப்பிடி தூவாமல் கீரையை இறக்க மாட்டார்கள். மாமியாரும் தூவினார்.

"இது மீனு இல்லமே, வாசனைக்கு."

"வாசனைக்கும் வேணாம் அத்தை."

"நாலு வருசமா தின்னியே. இப்போ இன்னா, எங்க கைச்சோறு அசிங்கமாப் பூடுச்சா?"

சுருக்கென்றது எனக்கு. "அசிங்கம்னா உங்க சட்டியில தின்பேனா? நீங்க திருக்கை மீனு திங்க மாட்டேன்றீங்க. உங்கள யாருனா கேட்டாங்களா? என் வாய்க்கு மட்டும் இன்னா கேள்வி?"

இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், இறால் தூவுவதற்கு முன்னால் என் பங்கை எடுத்துத் தனியாக மூடிவைத்தார்.

நான் மீனை விட்ட சேதி எப்படியோ திருவள்ளூருக்கும் போய்விட்டது. ஒரு பகலில், வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்த நேரம், புது எவர்சில்வர் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு அப்பா வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம ரத்தம் சும்மா விடுமா? திரும்பி வந்துட்டே பாத்தியா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தனியா அடுப்பு வச்சு இதுல சமைச்சுக்கோ. அவங்க சட்டி, கரண்டி எதையும் தொடாதே. அந்த ஒண்ணுதான் கேக்கறேன். அப்புறம் நீ நம்ம வீட்டுக்கு வரலாம், போலாம். உங்கம்மா அழுதுகினே கிடக்கறா."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலமே அம்மா மடியில் படுத்திருக்கலாம்.

"மொதல்ல சாப்பிடுங்கப்பா" என்று இலையைப் போட்டேன். சோறும், மாமியார் பருப்போடு கடைந்த மூக்கிரட்டைக் கீரையும். நீட்டிய கையை அப்பா நிறுத்தினார்.

"எந்தச் சட்டியில கடைஞ்சது?"

மாமியார் முந்திக்கொண்டார். "புதுச் சட்டி சம்மந்தி. நேத்துதான் வாங்கினது."

பொய். நான் என் அம்மாவைப் பார்க்க வேண்டுமே என்று சொன்ன பொய். தன் வீட்டிலேயே, தன் சட்டிக்காக அந்த மனுஷி தலைகுனிந்து நின்றதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"இல்லப்பா. மீன் சட்டி. காலையில மடவை கொதிச்சுது, கழுவிட்டுக் கீரை வச்சாங்க. தினம் இதுலதான் தின்றேன். மீன் எனக்குப் பிடிக்கல, விட்டுட்டேன். இவங்கள விடல."

அப்பா எழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டார். "அப்போ உங்கம்மாவ மறந்துடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "பைத்தியக்காரி! ஒரு பொய்தானேமே? அவரு பாட்டுக்குத் தின்னுட்டுப் போயிருப்பாரு, நீயும் உங்கம்மாவப் பாத்திருப்ப."

அப்பாவுக்குப் போட்ட இலைமுன் நான் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அதை எதற்கு மறைக்க வேண்டும்? அழுதுகொண்டே அந்தச் சோறு மொத்தத்தையும் கீரையில் பிசைந்து தின்று முடித்தேன்.

"இன்னும் ஒரு கரண்டி போடுங்க அத்தை" என்றேன்.