ரீற்றா அக்காவின் நூறு கட்டங்கள்

"சூதாடின ரீற்றா போயிட்டா."

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கையில் செய்தி இப்படித்தான் வந்தது. இறந்தவருக்கு இதுவா அடைமொழி? அழுகைக்கு முன்னே எனக்குக் கோபம்தான் வந்தது.

ரீற்றா அக்கா மன்னாரில் பிறந்தவர். புலம்பெயர்ந்து வந்து, இங்கே பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்ட் பகுதிக் களஞ்சியமொன்றில் என்னோடு பெட்டி கட்டியவர். ஸ்டொக் கார் பந்தயமென்றால் அவருக்கு உயிர். சாப்பாட்டறைச் சுவரில் தாளொட்டி, பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள் கீறுவார். இரண்டு டொலர் கொடுத்தால் விரும்பிய கட்டத்தில் பெயரெழுதலாம். புதிதாகச் சேர்ந்த நான், "எனக்குக் காரைப் பற்றி ஒண்டும் தெரியாதே" என்றேன்.

"தெரியத் தேவையில்லை பிள்ளை. எல்லாக் கட்டமும் நிரம்பினாப் பிறகுதான் பூச்சியத்திலயிருந்து ஒன்பது வரைக்கும் சீட்டுக் குலுக்கி, இடப்பக்கமும் மேலயும் எழுதுவன். ஒவ்வொரு காரிலயும் ஒரு எண் இருக்கும்; இடப்பக்கம் வெண்ட காரின்ர எண்ணில கடைசி இலக்கம், மேல ரெண்டாவது காரின்ர. இருபத்திநாலாம் எண் கார் வெண்டு, பதினேழாம் எண் ரெண்டாவதா வந்தா, நாலும் ஏழும் சந்திக்கிற கட்டத்துக்காரருக்கு முழுக்காசும்."

தனக்கென்று அவர் ஒரு சதமும் எடுத்ததில்லை.

ஒருமுறை எங்கள் மேற்பார்வையாளர் வந்தார். அவரும் தமிழர்தான். "அக்கா, முதல்ல எண்ணைக் குலுக்குங்கோ. பேந்து நான் கட்டம் எடுக்கிறன்" என்றார். எந்தக் கார் வெல்லக்கூடியது என்று அறிந்தவர் அவர். எண்ணைக் கண்டால் நல்ல கட்டங்களை அள்ளிவிடுவார்.

"அது விளையாட்டில்லைத் தம்பி, களவு" என்றார் அக்கா, எல்லோர் முன்னிலையிலும்.

மறுவாரமே, வேலைத்தலத்தில் சூது நடத்துகிறார் என்று முறைப்பாடு போனது. தாள் கிழிந்தது. அக்காவைப் பனி கொட்டும் மாரிகாலத்தில், லொறிகளில் சாமான் ஏற்றும் வாசலுக்கு மாற்றினார்கள். வெட்கங்கெட்ட அந்த மனிதர் அதே சுவரில் தன் தாளை ஒட்டினார், எண்களை முன்கூட்டியே எழுதி! அக்கா சாப்பாட்டறைக்கு வந்து, தாளைக் காட்டிச் சொன்னார்: "எண் தெரிஞ்சு விக்கிற கட்டத்தை ஒருத்தரும் வாங்காதேங்கோ." பிரெஞ்சிலும் சொன்னார். பந்தய நாள்வரை அந்தத் தாளில் அதை ஒட்டியவரின் பெயர் மட்டுமே இருந்தது.

ஆனாலும் அக்காவை யாரும் பழைய இடத்துக்கு எடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை அந்தக் குளிர்வாசலிலேயே நின்றார். முறைப்பாடு கொடுத்த அந்த மேற்பார்வையாளர் இன்று ஊர்ச் சங்கக் கூட்டங்களில் ஒழுக்கம் பேசுகிறார். நான் பேசவிருந்த இரங்கலுரையில், "அந்தப் பந்தயக் கதையை விடுங்கோ" என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஏன் விட வேண்டும்? ஆகவே இங்கே எழுதுகிறேன்.

அடக்கத்தன்று களஞ்சியத்து ஆட்கள் வேலைச் சப்பாத்தோடு வந்து பின்வரிசையில் நின்றார்கள். பெட்டி தூக்க ஆள் போதவில்லை. ஊர்ப் பெரியவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். பின்னாலிருந்து நால்வர் முன்வந்து குனிந்தார்கள்.

அக்கா, உங்களைத் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். நிம்மதியாய் உறங்குங்கோ.