பெரிய சுழலைச் சுற்றி வந்த சின்னச் சுழல்

எண்பதுகளின் நடுப்பகுதி. நானும் கணவரும் சுவிஸுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு ஞாயிறு மாலை லாங்கன்தால் ஊருக்கு வெளியே வயல்வழி நடந்துகொண்டிருந்தபோது, காட்டோரத்தில் கரிய தூண்போல ஒரு சுழல்காற்று இறங்கியது. செர்ரி மரமொன்றின் கீழ் நின்று பார்த்தோம்.

"இஞ்சாருங்கோ, ஓடுவமோ?"

"பயப்பிடாதையும். அது அங்காலை போகுது."

அது விலகித்தான் போனது. ஆனால் அதை வட்டமிட்டபடி மெல்லிய இன்னொரு சுழல் எங்கள் பக்கம் வளைந்து வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. மாடுகளைத் தொழுவத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கவனித்தாள். மாடுகளை அப்படியே விட்டுவிட்டு எங்களிடம் ஓடி வந்தாள். "கொம்! கொம்!" என்று வரச்சொல்லிக் கத்தியபடி எங்கள் கைகளைப் பிடித்து இழுத்துப்போய், தன் வீட்டு நிலவறைக்குள் தள்ளினாள். தலைக்குமேல் வீடு அதிர்ந்தது.

வெளியே வந்தபோது செர்ரி மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. மாடுகள் வயலெங்கும் சிதறி நின்றன. ஒன்று மட்டும் விழுந்த இடத்திலிருந்து எழும்பவே இல்லை. அவள் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அருகில் அமர்ந்த எனக்கு அவளுடைய மொழியில் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அதுவரை வெள்ளைக்காரரைக் கண்டால் தலைகுனிந்து ஒதுங்கி நடப்பேன். மறுநாளிலிருந்து நானே முந்தி வணக்கம் சொல்லத் தொடங்கினேன்.